இழுத்துப் பார்க்கிற கை

நர்சரியில் வேர் பிடிக்க நட்டு வைத்த குச்சியை அக்கா கட்டைவிரலாலும் நடுவிரலாலும்தான் பிடிப்பாள். ஆள்காட்டி விரலில் பாதி அவளுக்கு இல்லை. சின்ன வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி கொண்டுபோனது. பிடித்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, ஒரே இழுப்பு. குச்சி மணலைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றால் வேர் பிடித்துவிட்டது. கையோடு வந்துவிட்டால் அடியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தோளுக்குப் பின்னால் வீசுவாள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கமாட்டாள். பெரும்பாலும் நான்தான் நிற்பேன்.

இழுத்துப் பார்ப்பது நர்சரிக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் பட்டும் படாமல் இழுப்பார்கள். அக்கா இழுத்தால் முந்தின நாள் விட்ட வேரும் அறுந்து வந்துவிடும். வெள்ளை வெளேரென்று, சேமியாத் துண்டு மாதிரி, குச்சியின் அடியில் தொங்கும்.

"அக்கா, இது புடிச்சி இருந்துதே" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"பிடிச்சது இப்பிடியா வரும்? இந்த இழுவைக்கே வந்துட்டுன்னா காத்துல நிக்குமா பிள்ளே? போட்டும், சவம்."

அவள் பேர் எனக்குத் தெரியாது. கேட்கப் பயம். கன்னியாகுமரிப் பக்கம் குலசேகரத்திலிருந்து வந்தவள் என்பதால் எல்லாருக்கும் குலசேகரத்து அக்கா. நர்சரி வடக்குப்பட்டில் இருந்தது. ஒரகடத்தைச் சுற்றிக் கம்பெனிகள் வர வர, ஒவ்வொரு கம்பெனி வாசலுக்கும் புல்லும் பூவும் தேவைப்பட்டது. அதற்காகவே முளைத்த நர்சரி. என்னைப் போல எட்டாவதோடு நின்றவர்களைக் கம்பெனிக்குள் எடுக்கமாட்டார்கள். கம்பெனி வாசலில் நிற்கப்போகும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எடுத்துக்கொள்வார்கள். முதலாளி மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி அங்கே எல்லாம் அக்காதான்.

ரப்பர் மரம் எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஆகாத மரம். அது மழையிலும் மலையிலும் வளர்ந்து பழகியது. ஆனால் டயர் செய்யும் கம்பெனி ஒன்றின் பெரியவருக்கு ஓர் ஆசை. அவர் அப்பா தெற்கே ஒரு மலையடிவாரத்தில் தன் கையால் நட்ட மரம் ஒன்று இருந்ததாம். அந்த மரத்தின் வாரிசுகள் ஒரகடத்துக் கம்பெனி வாசலில் இரண்டு வரிசையாக நிற்க வேண்டும். விதை போட்டு வளர்த்தால் அது வேறு மரம். வேறொரு கன்றில் ஒட்டுக் கட்டினால் மேலே மட்டும்தான் அந்த மரம், வேர் யாருடையதோ. பெரியவருக்கு வேர் முதல் இலை வரை அப்பாவின் மரமே வேண்டும். அப்படியென்றால் குச்சியை வெட்டி நட்டு வேர் விடவைப்பது ஒன்றுதான் வழி.

கிழட்டு மரத்துக் குச்சி வேர் விடாது. அக்கா நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அந்த மரத்தை இடுப்பளவுக்கு வெட்டச் சொன்னாள். வெட்டினால்தான் அடியிலிருந்து இளந்தளிர் வரும், இளசுதான் வேர் விடும். அங்கே காவலிருந்த கிழவர் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாராம். அக்கா அதைச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாள். "வெட்டுப்பட்ட மரத்துக்கே பால் மட்டுந்தான் வந்தது, கேட்டியா. அந்தாளுக்கு கண்ணும் மூக்கும் சேந்து ஒழுகிட்டு."

தளிர்கள் ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் வரும். கணுவுக்குக் கீழே வெட்டி, பால் வடிந்து ஓயும்வரை தண்ணீரில் நிறுத்தி, இலையைப் பாதியாகக் கத்தரித்து, வேர்ப் பவுடரில் தொட்டு, மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்த தட்டில் நட வேண்டும். மேலே பாலிதீன் கூடாரம். உள்ளே எந்நேரமும் பனிபோலத் தண்ணீர் தூவிக்கொண்டிருக்க வேண்டும். இலை வாடி உதிர்ந்துவிட்டால் குச்சி செத்தது.

தண்ணீர் தூவ மோட்டார். மோட்டாருக்குக் கரண்ட். அந்த வருஷங்களில் கரண்ட் இருந்த லட்சணம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதே கவலை. வீட்டில் சோறு பொங்கும்போதும் காது மின்விசிறியிலேயே இருக்கும். நின்றால் கூடாரத்தில் மோட்டாரும் நின்றிருக்கும். நர்சரியில் கரண்ட் போனதும் நாங்கள் கைத்தெளிப்பானோடு உள்ளே ஓடுவோம். பாலிதீனுக்குள் புகுந்தால் இட்லிப் பானைக்குள் புகுந்த மாதிரி இருக்கும். அக்கா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் முதலில் மூச்சு வாங்க வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பாள். வந்தவளைத் திட்டமாட்டாள். "வாடிட்டா" என்பாள், அவ்வளவுதான். அன்று முழுக்க அவளோடு பேசமாட்டாள்.

ஒவ்வொருத்தி நட்ட தட்டிலும் அவள் பேர் எழுதிய சீட்டு குத்தியிருக்கும். காலையில் அக்கா தட்டுகளைப் பார்த்துவிட்டு வந்து, நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று வாசிப்பாள். குச்சி என்று சொல்லமாட்டாள், பிள்ளை என்பாள்.

"அஞ்சலை, ஒனக்க பிள்ளையில ரெண்டு செத்துட்டு."

அஞ்சலைக்கு உண்மையிலேயே ஒரு பிள்ளை இருந்தாள். மீனா. ஒன்றாம் வகுப்புப் போகிற வயது. வலிப்பு வருவதால் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் இருந்துகொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டே வேலைக்கு வருவாள். அக்காவுக்கு இது தெரியும். தெரிந்துதான் சொல்வாள்.

அஞ்சலை டீயை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். "இன்னாக்கா, காலங்காத்தால ஒன் வாயில வேற வார்த்தையே வராதா?"

"வேற என்ன சொல்ல? செத்தத செத்ததுன்னுதான சொல்லணும்."

எனக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. என் தட்டில் குச்சி பிடித்திருந்தால் அக்கா என்னைத் தட்டிக்கொடுத்து, எல்லார் முன்னாலும், "மண்ணுலயாவது ஒனக்குப் பிடிக்குதே" என்பாள். நான் சிரித்துவிடுவேன். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வாளோ என்ற பயம்.

குச்சியை இழுக்கிற மாதிரியேதான் ஆட்களையும் அவள் இழுத்தாள். யாருக்கு எங்கே பிடிப்பு என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் கை வைப்பாள். எனக்குப் பயம்தான் பிடிப்பு. என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, பைக்கில் போய்வருவார். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சாவகாசமாக ஆரம்பிப்பாள்: "ஒரகடம் கூட்ரோட்டுல ஏதோ பைக்கு லாரிக்க அடியிலயாம். கறுப்பு பைக்குன்னு சொன்னானுவ." சோற்றுக் கையோடு எழுந்து போவேன். போன் போட்டால் எடுக்கமாட்டார். கம்பெனி லைனில் வேலை செய்யும்போது போன் கையில் இருக்கக் கூடாது. ஷிப்ட் முடிந்து அவரே கூப்பிடும்வரை நான் பிணம் மாதிரி வேலை செய்வேன். மறுநாள் அக்கா கேட்பாள்: "வெப்ராளமும் பயமும் தீந்துதா? கறுப்பு பைக்கு ஒலகத்துல ஒண்ணுதானா பிள்ளே?"

சிவகங்கைப் பக்கத்துப் பெண் ஒருத்தி கொஞ்ச நாள் எங்களோடு இருந்தாள். கம்பெனி காண்ட்ராக்ட் முடிந்து, ஹாஸ்டலில் இடம் போகக் கூடாது என்று நர்சரிக்கு வந்தவள். கெட்டிக்காரி. ஒருநாள் அக்கா அவளிடம், "ஒங்க ஊர்லேந்து முதலாளிக்கு போன் வந்துதாம், ஒனக்க அம்மைக்கு ரொம்ப முடியலியாம்" என்றாள். அந்தப் பெண் கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். ஊருக்குப் போய்ப் பார்த்தால் அம்மா குழாயடியில் குடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாளாம். பிறகு அவள் திரும்பி வரவே இல்லை. "பாத்தியா, ஒரு இழுவைக்கு வந்துட்டா. எந்த உத்தியோகமும் அவளுக்கு நிக்காது" என்றாள் அக்கா. அம்மா சாகக்கிடக்கிறாள் என்றால் எவள்தான் நிற்பாள்?

அவளை வெறுத்துவிட்டால் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்கும் விடமாட்டாள்.

ஒருநாள் தட்டுகளுக்கு நடுவில் மீனாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. வாயில் நுரை, கண் மேலே செருகிவிட்டது. அஞ்சலை பிள்ளையின் கையையும் காலையும் அமுக்குகிறாள். ஒருத்தி சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிக்கிறாள். நான் கிட்டே வராமல் கூடாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அக்கா வந்தாள். சாவியைப் பிடுங்கி எறிந்தாள். அஞ்சலையை ஒரு தள்ளு தள்ளினாள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே தன் முந்தானையைச் சுருட்டி வைத்து, பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள். "யாரும் தொடாண்டாம். அது தானே அடங்கும்" என்றாள். அடங்கியது. பிள்ளை கண் திறந்ததும் பின்னலைப் பிடித்து லேசாக இழுத்து, "வந்துட்டியா மக்கா?" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் இழுத்து நான் பார்த்ததில்லை.

அஞ்சலை அவள் காலைத் தொடக் குனிந்தாள். அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

"மருந்து ஒழுங்கா குடுக்கியா?"

"அப்பப்ப கொடுக்கறேன்க்கா. எப்பவும் வாங்கறதுக்கு முடியலே."

"அப்ப இது ஒனக்கு நிக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகுதான் அந்த டயர் கம்பெனி அட்மின் சார் வந்து அந்த விஷயத்தைச் சொன்னார். ரப்பர் கன்றுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பொம்பளையைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். யூனிபார்ம், பஸ், ஈ.எஸ்.ஐ. கார்டு. ஆளை அக்காவே சொல்லட்டும். ஈ.எஸ்.ஐ. என்ற சொல் காதில் விழுந்ததும் அஞ்சலை கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தாள். கார்டு இருந்தால் பிள்ளைக்கு டாக்டர், ஸ்கேன், மாத்திரை எல்லாம் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை ஒருநாளும் நிற்காது.

அவர் போனதும் நேராக அக்காவிடம் போய் நின்றாள். "அக்கா, என்னிய அனுப்பு. எனக்கோசரம் கேக்கல. கொயந்தைக்கோசரம்."

"நீ நட்டது எல்லாம் நின்னா நீ போவ" என்றாள் அக்கா.

அஞ்சலை குச்சிகளை அப்படிப் பார்த்துக்கொண்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. கரண்ட் போனால் கடைசியாக வெளியே வருபவள் அவள்தான். உடம்பில் ஒட்டிய சேலையோடு, கண் சிவந்து வருவாள். அக்கா நாற்காலியிலிருந்து பார்ப்பாள். அவள் தட்டில்தான் அதிகம் பிடித்தது. அக்கா எப்படி இழுத்தும் வராதவை அவை. பிறகு அவற்றைப் பையில் மாற்றி, பனித் தண்ணீரை மெல்ல மெல்லக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கி, இடுப்பளவு வளர்ந்ததும் கம்பெனிக்குக் கொண்டுபோனோம். வாசலிலிருந்து ஆபீஸ் வரைக்கும் பாதையின் இரண்டு பக்கமும் குழி. குச்சியில் வந்த கன்றுக்கு ஆணிவேர் கிடையாது, பக்கவேர்தான். புது மண்ணில் ஊன்றிக்கொள்ளும்வரை முட்டுக்கம்பு கட்டியே வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அக்காதான். நாங்கள் கட்டினோம். பெரியவர் வந்து பார்க்கும் அன்று போட்டோவுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று கம்பெனிக்காரர்கள் கம்புகளை எடுத்துவிட்டார்கள்.

பெரியவர் ரொம்ப வயதானவர். கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு கன்றாக நின்று நின்று வந்தார். ஒரு இலையைக் கையில் ஏந்தி, "அப்பா" என்று மட்டும் சொன்னார். சுற்றி நின்ற கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு அவர் அக்காவைப் பார்த்து, "இதெல்லாம் பிழைச்சிடுமாம்மா?" என்று கேட்டார்.

"பிழைக்கும் ஐயா. பாருங்கோ" என்றாள் அக்கா.

அவள் கை போவதை நான் பார்த்தேன். கட்டைவிரல், நடுவிரல். வேண்டாம் என்று கத்த நினைப்பதற்குள் இழுத்துவிட்டாள். கன்று குழியை விட்டு வந்துவிட்டது. வேரிலிருந்து மண் பொத்தென்று பெரியவரின் செருப்பில் விழுந்தது.

அக்கா கையிலிருந்த கன்றை ஒரு தடவை பார்த்தாள். முகம் மாறவே இல்லை. "இது அஞ்சலை நட்டது" என்றாள்.

"யாரு அஞ்சலை?" என்றார் அட்மின் சார்.

அஞ்சலை முன்னால் வந்தாள். "இன்னாக்கா இது? நீதானே புட்ச்சி இஸ்த்த? எல்லாரும்தான் பாத்துகினு இருந்தாங்க!"

"நல்லா நட்டிருந்தா இழுத்தா வருமா?"

"சார், நீங்க சொல்லுங்க சார். இஸ்த்தா எதுதான் வராது?"

அட்மின் சார் பெரியவரின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர், "விடுங்க, விடுங்க" என்று முனகிவிட்டு அடுத்த கன்றுக்கு நகர்ந்தார். கூட்டமும் நகர்ந்தது. எல்லாரும்தான் பார்த்தார்கள். ஒருவர்கூடப் பார்க்காதவர் இல்லை. அவர்கள் ஆபீசுக்குள் போன பிறகு அட்மின் சார் திரும்பி வந்து அக்காவிடம், "அந்தம்மா வேணாம். வேற யாரு இருக்கா?" என்றார்.

அக்கா என்னைக் காட்டினாள். "இவ. பயந்தவ. பயந்தவதான் தண்ணி விட மறக்கமாட்டா."

திரும்பும்போது குட்டியானை வண்டியின் பின்னால் காலி சாக்குகள்மேல் அஞ்சலையும் நானும் உட்கார்ந்திருந்தோம். அக்கா முன்னால் டிரைவர் பக்கத்தில். அஞ்சலை என்னைத் திட்டுவாள், அறைவாள் என்று பயந்துகொண்டே வந்தேன். சேரப்பணஞ்சேரி தாண்டியதும் வாயைத் திறந்தாள்.

"ஒனக்குக் கார்டு போடுவாங்க இல்ல? அதுல புள்ளைங்கோ பேரு எய்துவாங்களாமே."

"ஆமா."

"ஒனக்குத்தான் புள்ள இல்லியே. மீனா பேர எய்திக்கோ."

மாட்டிக்கொண்டால்? வேலை போகும், போலீஸ் வரும், வீட்டுக்காரர் பேரும் கெடும். வீட்டில் சொன்னேன். அவர், "கொழந்தைதானே" என்றார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் இது எப்படியோ அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். "நல்ல காரியம்தான். எழுதிக் குடு" என்றாள். மீனாவைக் கூப்பிட்டு, பை அடுக்கும் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினாள்.

"டாக்டர் கேப்பாரு, ஒங்க அம்மை யாருன்னு. யாரைக் காட்டுவ?"

பிள்ளை அஞ்சலையைக் காட்டினாள்.

"அது அத்த. இதுதான் அம்ம. சொல்லு." அக்காவின் பாதி விரல் என் பக்கம் நீண்டது.

பிள்ளை அஞ்சலையைப் பார்த்தாள். அஞ்சலை தலையாட்டினாள். "சொல்லும்மா."

"அம்மா" என்றாள் மீனா என்னைப் பார்த்து.

அத்தோடு விட்டிருக்கலாம். அக்கா விடவில்லை. பிள்ளை மண்ணில் விளையாடிக்கொண்டிருக்கும்போது, சாப்பிடும்போது, தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கும்போது, திடீரென்று முன்னால் போய் நின்று, "அது யாரு?" என்பாள். தப்பாகச் சொன்னால் பின்னலில் ஒரு இழுப்பு. சரியாகச் சொன்னால் ஒரு மிட்டாய். அஞ்சலை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மணல் சலிப்பாள். "அக்கா, போதும்க்கா" என்று நானே ஒருநாள் சொல்லிவிட்டேன். "ஆஸ்பத்திரியில உளறினா ஜெயிலுக்கு நீதான் போணும்" என்றாள்.

கார்டுக்குக் குடும்பத்தோடு போட்டோ கேட்டார்கள். படப்பையில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். என் வீட்டுக்காரர், நான், மீனா. அஞ்சலை பிள்ளைக்குப் புதுக் கவுன் மாட்டி, ரிப்பன் கட்டிக் கூட்டிவந்திருந்தாள். அக்கா கூப்பிடாமலே வந்திருந்தாள்.

ஸ்டுடியோ படியில் பிள்ளை தடுக்கி விழுந்தாள். முழங்கால் சிராய்த்துவிட்டது. "அம்மா!" என்று வீறிட்டாள். அஞ்சலை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். பிள்ளை அழுதுகொண்டே எழுந்து, அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தாள். அஞ்சலையின் கைகளைச் சுற்றிக்கொண்டு வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா, எரியிது" என்றாள்.

அஞ்சலை நீட்டிய கையை மடக்க மறந்து அப்படியே நின்றாள். விழுந்ததில் ரிப்பன் அவிழ்ந்து படியில் கிடந்தது. அதை எடுத்து, தூசியை ஊதினாள். என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இங்க வா கண்ணு. அத்த கட்டி வுடறேன்."

கட்டினாள். ரொம்ப நேரம் கட்டினாள். உள்ளேயிருந்து போட்டோக்காரர், "குடும்பம் மட்டும் உள்ள நில்லுங்க, மத்தவங்க வெளிய" என்றார். அக்கா அஞ்சலையின் முழங்கையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அந்தக் கை போய்ச் சேருவதற்கு முன்பே அஞ்சலை தானே எழுந்து தெருவுக்கு இறங்கிப் போய்விட்டாள்.